ஒரு பணத்துக்கு ஒருபடி

சித்தி ரேஷன் கடைக்குப் போவதை நிறுத்தி மூன்று மாதம் ஆகியிருந்தது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தூத்துக்குடிப் பக்கம் ஒரு காரியமாகப் போனவன், வழக்கம்போல் அவர் வீட்டில் தங்கினேன். காபிக்குச் சர்க்கரை தேடி அடுக்களை அலமாரியைத் திறந்தபோது அரிசிப் பானை காலியாகக் கிடந்தது; பக்கத்தில் மளிகைக் கடையில் வாங்கிய ஒரு கிலோ பொட்டலம். சித்திக்கு எழுபது கடந்துவிட்டது. சித்தப்பா போய்ப் பன்னிரண்டு வருடம். அட்டையில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது. மாதா மாதம் விலையில்லாமல் கிடைக்கும் அரிசியை விட்டுவிட்டு ஏன் காசு கொடுத்து வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. வலது கையை விரித்துக் காட்டினார்.

பிறகு மெல்லச் சொன்னார். ரேகை வைக்கும் இயந்திரத்தில் விரலை வைத்தால்தான் அரிசி. வலது கையிலோ நெற்றியிலோ மிருகத்தின் முத்திரை இல்லாதவன் கொள்ளவும் விற்கவும் முடியாது என்று வேதாகமத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம் பதின்மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. தெருவில் நடந்த ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வந்த ஊழியர் ஒருவர் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசியிருக்கிறார். ரேஷன் வாங்காதீர்கள் என்று அவர் சொல்லவில்லை. கைகளைக் காத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னாராம். சித்திக்கு அது போதும். ஐம்பது வருடமாக விடியற்காலையில் எழுந்து வேதம் வாசிக்கிறவர். கூடாது என்று வேதம் சொன்னதாக அவர் நம்பிவிட்டால், பட்டினி கிடந்தாவது அதைக் காப்பாற்றுவார். அந்த உறுதியைச் சிறுவயதிலிருந்து மதித்து வந்தவன் நான். அதனால்தான் அன்று அதைச் சிரித்து ஒதுக்க முடியவில்லை. இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. உபத்திரவத்தில் இருந்தவர்களைத் தேற்றுவதற்கு எழுதப்பட்ட ஒரு புத்தகம், ஒரு கிழவியின் பானையிலிருந்து அரிசியை எடுத்துக்கொண்டு போனது எப்படி என்ற கேள்வி அங்கே தொடங்கியது. இதை எழுதும்வரை அது என்னை விடவில்லை.

பத்து நாடுகள்

இந்தப் பயம் எனக்குப் புதிதல்ல. அப்பா அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர். அவருடைய வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. கறுப்பு அட்டை, முதுகு பிய்ந்து, பஞ்சாங்கம் தைக்கிற நூலால் அவரே தைத்தது. அதில் வெளிப்படுத்தின விசேஷம் பதினேழாம் அதிகாரத்தில், பத்துக் கொம்புகள் பத்து ராஜாக்கள் என்று வரும் இடத்தில், ஓரத்தில் பென்சிலால் பத்துப் பெயர்கள் எழுதியிருக்கிறார். பெல்ஜியம், பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, லக்சம்பர்க், நெதர்லாந்து, பிரிட்டன், அயர்லாந்து, டென்மார்க், கிரீஸ். ஐரோப்பியப் பொதுச் சந்தையில் கிரீஸ் பத்தாவதாகச் சேர்ந்தது 1981 ஜனவரியில். அந்த வருடம் கன்வென்ஷன் மேடைகளில் இதுதான் பேச்சு. பத்துக் கொம்பும் முளைத்துவிட்டது, இனி மிருகம் எழுந்து நிற்பதுதான் பாக்கி என்றார்கள். கிரீஸ் என்ற பெயருக்குக் கீழே அப்பா இரண்டு கோடு இழுத்திருக்கிறார்.

1986இல் ஸ்பெயினும் போர்ச்சுகலும் சேர்ந்தன. பன்னிரண்டு ஆயிற்று. அப்பாவின் பட்டியலில் அந்த இரண்டு பெயர்களும் இல்லை. பழைய பத்தையும் அவர் அழிக்கவில்லை. பேரேட்டில் ஒரு ரூபாய் பிசகினாலும் சிவப்பு மையால் அடித்து, சரியான தொகையை மேலே எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போடுகிற மனிதர் அவர். இந்த ஒரு கணக்கை மட்டும் திருத்தாமல் விட்டார். அது பற்றி அவரிடம் நான் கேட்கவில்லை. கேட்கும் வயது எனக்கு வந்தபோது அவர் இல்லை. சித்தி வீட்டிலிருந்து திரும்பிய இரவு அந்தப் பக்கத்தை விளக்கின் கீழே வைத்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பென்சில் மங்கி வெள்ளிபோல் மின்னியது.

பத்துக்கு நாடுகளைத் தேடியதுபோல, மிருகத்தின் எண்ணான அறுநூற்றறுபத்தாறுக்கு ஆட்களைத் தேடியவர்களும் ஏராளம். ஆங்கில எழுத்துகளில் ஏ என்பதற்கு 100, பி என்பதற்கு 101 என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனால் ஹிட்லர் என்ற பெயர் சரியாக 666 வரும். கூட்டிப் பார்த்தேன், வருகிறது. ஆனால் ஏன் நூறிலிருந்து தொடங்க வேண்டும்? நூறிலிருந்து தொடங்கினால்தான் வரும், அதனால். விடையைக் கையில் வைத்துக்கொண்டு வாய்பாடு தேடும் வேலை இது. பார்கோடு, கம்ப்யூட்டர், கடன் அட்டை, ஆதார் என்று என் வாழ்நாளுக்குள்ளேயே எத்தனை முறை இந்த எண் இடம் மாறிவிட்டது! ஒவ்வொரு முறையும் பழையதைச் சொன்னவர் யாரும் மேடையேறி, நான் சொன்னது தவறு என்று சொல்லி நான் கேட்டதில்லை.

எட்டேகால்

நம் மொழிக்காரருக்கு இந்த எண் ஒரு அதிசயமாகவே தோன்றக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். 'எட்டேகால் லட்சணமே' என்று ஔவை வைத ஒரு தனிப்பாடல் உண்டு, பள்ளியில் படித்திருப்போம். தமிழ் எண்களில் எட்டு என்பது 'அ', கால் என்பது 'வ'. சேர்த்தால் 'அவ'. அவலட்சணமே என்று நேராகச் சொல்லாமல் எட்டேகால் என்றாள். சபையில் இருந்தவர்களுக்குப் புரிந்தது, சிரித்தார்கள். வைத சொல் அவள் வாயில் வரவேயில்லை. எழுத்தே எண்ணாகவும் இருக்கிற மொழியில் இந்த வித்தை தானாக வந்துவிடும்.

கிரேக்கமும் எபிரேயமும் அப்படிப்பட்ட மொழிகள்தான். அவர்களுக்கு எண்ணுக்கென்று தனிக் குறிகள் கிடையாது. எழுத்துகளையே எண்ணாக எழுதினார்கள். ஆல்ஃபா ஒன்று, பீட்டா இரண்டு, அயோட்டா பத்து, ரோ நூறு. ஆகவே ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கூட்டுத்தொகை உண்டு. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பேயி நகரத்துச் சுவர் ஒன்றில், 'எவளுடைய எண் 545 ஆக இருக்கிறதோ அவளை நேசிக்கிறேன்' என்று ஒருவன் கிறுக்கி வைத்திருக்கிறான். எழுத வேண்டும், ஆனால் ஊருக்குத் தெரியக் கூடாது. அவளுக்கு மட்டும் தெரிந்தால் போதும். நீரோ மன்னன் 59இல் தன் தாய் அக்ரிப்பினாவைக் கொன்ற பிறகு ரோமில் உலவிய ஒரு வரியை வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதிவைத்திருக்கிறார். கிரேக்கத்தில் நீரோ என்ற பெயரைக் கூட்டினால் 1005. 'சொந்தத் தாயைக் கொன்றான்' என்ற சொற்களைக் கூட்டினாலும் 1005. யார் எழுதியது என்று பிடிக்க முடியாது. படித்தவனுக்குப் புரியாமலும் போகாது.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் பழைய மொழிபெயர்ப்பில் 13:18ஐப் படித்துப் பாருங்கள்: 'அந்த மிருகத்தின் இலக்கத்தைப் புத்தியுடையவன் கணக்குப்பார்க்கக்கடவன், அது மனுஷனுடைய இலக்கமாயிருக்கிறது.' அப்பா அடிக்கோடிட்டது இதற்கு அடுத்துவரும் எண்ணை மட்டும். ஆனால் வசனத்தின் உயிர் 'கணக்குப்பார்' என்ற சொல்லில் இருக்கிறது. கிரேக்க மூலத்தில் அது கூழாங்கல் என்ற சொல்லிலிருந்து பிறந்த வினை; கற்களை வைத்துக் கூட்டுவதைக் குறிப்பது. புத்தகத்தை எழுதிய யோவான் தன் வாசகர்களிடம், நீங்கள் இப்போதே கூட்டிப் பார்க்கலாம், விடை உங்களுக்குத் தெரிந்த ஒரு மனிதன் என்கிறார். இரண்டாயிரம் வருடம் கழித்து வரப்போகும் இயந்திரத்தை எபேசுவில் உட்கார்ந்திருந்த ஒரு சாயக்காரன் எப்படிக் கணக்குப் பார்த்திருக்க முடியும்?

நீரோ சீசர் என்ற பெயரின் கிரேக்க வடிவம் நெரோன் கைசர். அதை எபிரேய எழுத்துகளில் எழுதினால் நூன் 50, ரேஷ் 200, வாவ் 6, நூன் 50; பிறகு கோஃப் 100, சாமெக் 60, ரேஷ் 200. முதல் பெயர் 306, அடுத்தது 360. கூட்டினால் 666. ஹிட்லர் கணக்கைக் குறை சொன்னவன் இதை மட்டும் எப்படி ஏற்றுக்கொள்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். நானும் என்னைக் கேட்டுக்கொண்டேன். கிரேக்கத்தில் எழுதுகிறவர் ஏன் எபிரேயத்தில் கூட்ட வேண்டும்? கைசர் என்பதை எபிரேயத்தில் இன்னும் ஓர் எழுத்துச் சேர்த்தும் எழுதுவார்களே, அப்போது கணக்கு இடிக்குமே? இந்த இரண்டாவது கேள்விக்கு விடை யூதேயா பாலைவனத்துக் குகை ஒன்றிலிருந்து வந்தது. வாதி முரப்பாத் என்ற இடத்தில் கிடைத்த ஒரு கடன் பத்திரம், நீரோவின் இரண்டாம் ஆட்சியாண்டில், அதாவது 55 அல்லது 56இல் எழுதப்பட்டது. அதில் மன்னனின் பெயர் இதே ஏழு எழுத்துகளில்தான் இருக்கிறது. எவனோ ஒருவன் எவனுக்கோ கொடுக்க வேண்டிய சில்லறைக் கடன். அதன் தேதி வரியில் இந்த எண்ணின் சாவி. முதல் கேள்விக்கு நூலுக்குள்ளேயே விடை இருக்கிறது. அபத்தோன், அர்மகெதோன் என்ற பெயர்களைச் சொல்லும்போது, எபிரேய பாஷையிலே என்று யோவானே குறிப்புக் கொடுத்துவிடுகிறார். மிருகம் என்பதற்கான தேரியோன் என்ற கிரேக்கச் சொல்லை எபிரேய எழுத்துகளில் எழுதினாலும் 666 வருகிறது. மிருகத்தின் எண்ணே ஒரு மனிதனின் எண் என்ற வாக்கியம் அப்போது எழுத்துக்கு எழுத்து உண்மையாகிறது.

நீரோ 68இல் தற்கொலை செய்துகொண்டான். ஆனால் அவன் சாகவில்லை, கிழக்கே ஒளிந்திருக்கிறான், படையோடு திரும்பி வருவான் என்ற வதந்தி ஆசியா என்ற ரோம மாகாணத்துப் பட்டணங்களில் ஓயவே இல்லை. அடுத்த இருபது வருடத்துக்குள் நான்தான் நீரோ என்று சொல்லிக்கொண்டு மூன்று பேர் கிளம்பினார்கள். மிருகத்தின் தலை ஒன்று சாவுக்கேதுவான காயம்பட்டு ஆறிப்போனது என்று யோவான் எழுதியபோது கேட்டவர்களுக்கு முதுகு சில்லிட்டிருக்கும். அவர் எழுதியது ரோமப் பேரரசன் தொமித்தியன் ஆட்சியின் கடைசியில், 95ஐ ஒட்டி என்பது பழைய மரபு. பழைய கொடுங்கோலன் புதிய முகத்தில் திரும்பி வந்துவிட்டான் என்பதுதான் செய்தி.

மூன்று எழுத்துகள்

இதுவரை சொன்னதெல்லாம் எனக்கு அறிவுக்குப் பட்டதே தவிர மனதில் தைக்கவில்லை. தைத்தது வேறொன்று. எகிப்தில் ஒக்சிரிங்கஸ் என்ற பழைய பட்டணத்தின் குப்பைமேடுகளிலிருந்து தோண்டியெடுத்த பாப்பிரஸ் துண்டுகளை ஆக்ஸ்ஃபோர்டில் நூறு வருடத்துக்கு மேலாகப் படித்து வெளியிட்டு வருகிறார்கள். 1999இல் வெளியான தொகுதியில் வெளிப்படுத்தின விசேஷத்தின் இருபத்தாறு துண்டுகள் இருந்தன. மூன்றாம் நூற்றாண்டுப் பிரதி. அதில் ஒரு சிறு துண்டில் மிருகத்தின் எண் மூன்று எழுத்துகளாக நிற்கிறது: 600, 10, 6. அறுநூற்றுப் பதினாறு.

அந்தத் துண்டின் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். நார் பிரிந்த பழுப்பு, ஓரம் கறையான் தின்றதுபோல் கிழிசல். எழுத்தின் மேல் இது எண் என்று காட்ட ஒரு கோடு. அப்பா கிரீஸுக்குக் கீழே இழுத்த கோடு நினைவுக்கு வந்தது.

இந்த 616 புதிய செய்தியல்ல. 180ஐ ஒட்டி லியோன் நகரத்து ஆயர் இரெனேயு அதைப் பற்றிக் கோபமாகவே எழுதியிருக்கிறார். நல்ல, பழைய பிரதிகளிலெல்லாம் 666தான் இருக்கிறது, 616 என்பது எழுதியவர்களின் பிழை என்கிறார். அவர் சொல்வதை மதிக்கிறேன். யோவானை நேரில் கண்டவர்களின் சாட்சியை அவர் எடுத்துவைக்கிறார். எவாந்தஸ், லத்தீனோஸ், தெய்த்தான் என்று மூன்று பெயர்கள் 666க்குப் பொருந்துவதாகவும் அவர் எழுதுகிறார். அந்தப் பட்டியலில் நீரோ இல்லை. நூறு வருடத்துக்குள்ளேயே விடை மறந்துபோய்விட்டது, அல்லது அவருக்கு வந்து சேரவில்லை. அவரிடம் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. மூன்று பெயரையும் சொல்லிவிட்டு, இதில் எதையும் நான் உறுதியாகச் சொல்லமாட்டேன், அந்தப் பெயரை இன்றைக்கு வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தால் தரிசனம் கண்டவரே சொல்லியிருப்பார் என்று நிறுத்திக்கொள்கிறார். மேடைகளில் நான் கேட்டு வளராத அடக்கம் அது.

ஆனால் வெறும் பிழை என்றால் ஏன் குறிப்பாக 616? நெரோன் என்பது கிரேக்க உச்சரிப்பு. லத்தீன்காரர்கள் நீரோ என்பார்கள். கடைசி 'ன்' கிடையாது. அந்த நூனை எடுத்துவிட்டால் ஐம்பது குறையும். 666இல் ஐம்பது போனால் 616. அதாவது எங்கோ ஒரு பிரதியாளன் எழுதிக்கொண்டே வந்து இந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறான். யாரைச் சொல்கிறார் என்று அவனுக்குத் தெரியும். தான் அறிந்த எழுத்தில் பெயரைக் கூட்டிப் பார்க்கிறான், இடிக்கிறது. எனக்கு முன்னால் எழுதியவன் கணக்கில் பிசகிவிட்டான் என்று நினைத்து, எண்ணைத் திருத்துகிறான். என் மனம் ஒப்புகிற விளக்கம் இதுதான்.

அந்த இடத்தில்தான் எனக்குள் ஏதோ திரும்பியது. அவனுக்குப் பெயர் தெரியும். எண் அந்தப் பெயருக்கு ஏவல் செய்ய வேண்டிய ஒன்று. பெயருக்குப் பொருந்தவில்லையா, எண்ணை மாற்றிவிடலாம். நாங்கள் வளர்ந்த விதமோ நேர் எதிர். எண்ணைக் கல்வெட்டாக நட்டு வைத்துவிட்டு, அதன் கீழே பெயர்களை எழுதி எழுதி மாற்றிக்கொண்டிருந்தோம். வேதத்தில் ஓர் எழுத்தைத் தொடவும் நடுங்குகிற சித்தியிடம் இந்தப் பிரதியாளனைப் பற்றிச் சொன்னால் பாவி என்பார். எனக்கோ அவன் அப்பாவைப்போல் தோன்றினான்: தப்புக் கணக்கைக் கண்டால் கை சும்மா இருக்காத ஒரு கணக்குப்பிள்ளை.

மற்ற எண்களும் அதன் பிறகு இளகிக் கொடுத்தன. மூன்றரை வருடம், நாற்பத்திரண்டு மாதம், ஆயிரத்திருநூற்றறுபது நாள் என்று யோவான் மாற்றி மாற்றிச் சொல்வது ஒரே காலம். தானியேல் புத்தகத்திலிருந்து வருவது, கி.மு. 167இல் அந்தியோகஸ் என்ற கிரேக்க மன்னன் எருசலேம் ஆலயத்தைத் தீட்டுப்படுத்தி, 164இல் அது மீட்கப்பட்ட மூன்று சொச்ச வருடத்தின் வடு அதில் இருக்கிறது. ஏழில் பாதி, முழுமையடையாமல் முறிந்துபோகும் துன்பம். அவனுக்கு ஏழரை பிடித்திருக்கிறது என்று நாம் சொல்லும்போது யாராவது நாள்காட்டி பார்த்து ஏழரை வருடத்தை எண்ணுகிறோமா? கஷ்டகாலத்துக்கு அது பெயராகிவிட்டது. அவர்களுக்கு மூன்றரை. யோவான் சொல்லும் ஆயிரம் வருட அரசாட்சியும் அப்படித்தான்; ஆயிரங்காலத்துப் பயிர் என்றால் ஆயிரத்தோராவது வருடம் என்ன ஆகும் என்று கேட்பதில்லை. லட்சத்து நாற்பத்து நாலாயிரம் என்பது பன்னிரண்டைப் பன்னிரண்டால் பெருக்கி ஆயிரத்தால் பெருக்கியது. பன்னிரண்டு கோத்திரத்து ஜனம் ஒருவர் குறையாமல் என்று பொருள். புதிய எருசலேமின் நீளமும் அகலமும் உயரமும் சமமாகப் பன்னிரண்டாயிரம் ஸ்தாதி என்பதை வைத்துக்கொண்டு அதில் எத்தனை கோடிப் பேர் தங்கலாம் என்று கணக்குப்போட்ட பிரசங்கத்தை நான் கேட்டிருக்கிறேன். சாலொமோனின் ஆலயத்தில் மகா பரிசுத்த ஸ்தலம்தான் நீள அகல உயரம் இருபது முழமாகச் சமமாக இருந்தது. பிரதான ஆசாரியன் வருடத்தில் ஒரு நாள் மட்டும் நுழைந்த அந்த அறை ஊராகவே விரிந்துவிட்டது என்கிறார். இதைவிடப் பெரிய செய்தியைச் சதுர அடியில் எப்படிச் சொல்வது?

கோதுமை விலை

இந்தப் புத்தகத்தில் நான் ஒரு பிரசங்கமும் கேட்டிராத எண் ஒன்று உண்டு. ஆறாம் அதிகாரத்தில் கறுப்புக் குதிரைக்காரன் தராசோடு வருகிறான். ஒரு சத்தம் கேட்கிறது: 'ஒரு பணத்துக்கு ஒருபடி கோதுமையென்றும், ஒரு பணத்துக்கு மூன்றுபடி வாற்கோதுமையென்றும்' சொல்லி, எண்ணெயையும் திராட்சரசத்தையும் சேதப்படுத்தாதே என்கிறது. அப்பாவின் வேதாகமத்தில் இந்தப் பக்கம் சுத்தமாக இருக்கிறது. தினமும் அரிசி விலையை எழுதிக் கை மரத்துப்போன மனிதருக்கு, வேதத்துக்குள்ளே ஒரு தானிய விலை இருப்பது கண்ணில் படவில்லை. குதிரையின் நிறத்தையே பார்க்கும்படி எங்களைப் பழக்கியிருந்தார்கள்.

பணம் என்று மொழிபெயர்த்திருப்பது தெனாரியம். கூலிக்காரனின் ஒரு நாள் சம்பளம். படி என்றிருப்பது கொய்னிக்ஸ், ஏறக்குறைய ஒரு லிட்டர். ஓர் ஆளின் ஒரு நாள் ஆகாரம். ஒரு நாள் முழுக்க உழைத்தவன் தன் வயிற்றுக்கு மட்டும் கோதுமை வாங்கலாம். பெண்டாட்டி பிள்ளைகள் உண்டென்றால் மாட்டுக்குப் போடும் வாற்கோதுமைதான். இது எவ்வளவு கொடிய விலை என்பதற்குக் கல்லில் சாட்சி இருக்கிறது. 92, 93 வாக்கில் பிசிதியாவிலுள்ள அந்தியோகியாவில் பஞ்சம் வந்தபோது ஆளுநர் லூசியஸ் அந்திஸ்தியஸ் ருஸ்திக்கஸ் தானியம் பதுக்குவதைத் தடுத்து, ஒரு மோதியத்துக்கு ஒரு தெனாரியத்துக்கு மேல் விற்கக் கூடாது என்று ஆணையிட்டார். பஞ்சத்துக்கு முன் அதில் பாதிதான் விலை. மோதியம் என்பது சுமார் எட்டுக் கொய்னிக்ஸ். அந்தப் பஞ்சவிலையைப்போல் எட்டு மடங்கு யோவான் சொல்வது.

எண்ணெயும் திராட்சரசமும் ஏன் தப்பிக்கின்றன? ஆசியாவின் பெரிய நிலக்காரர்கள் தானிய வயல்களைத் திராட்சைத் தோட்டமாக மாற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றுமதியில் காசு அதில்தான். 92ஐ ஒட்டி தொமித்தியன், மாகாணங்களில் பாதித் திராட்சைக் கொடிகளை வெட்டச் சொன்னான். யோவான் எழுதிய ஏழு சபைகளில் ஒன்று இருந்த ஸ்மிர்னாவிலிருந்து ஸ்கோபெலியன் என்ற பேச்சாளர் ரோமுக்குப் போய் வாதாடினார், உத்தரவு நிறைவேறவில்லை. தோட்டம் பிழைத்தது. கூலிக்காரனின் படி பிழைத்ததா என்று எந்தப் பேச்சாளரும் போய்க் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த ஒரு வரியில் பத்மு தீவில் கைதியாக இருந்த யோவான் அதைக் கேட்கிறார்.

பதினெட்டாம் அதிகாரத்தில் பாபிலோன், அதாவது ரோம், விழுந்ததும் வியாபாரிகள் அழுகிறார்கள். கப்பல் சரக்குப் பட்டியல் ஒன்று வருகிறது. பொன்னில் தொடங்கி, வெள்ளி, இரத்தினம், முத்து என்று இருபத்தெட்டுப் பொருள். கோதுமையும் ஆடுமாடும் கடைசிப் பக்கம். எல்லாவற்றுக்கும் கடைசியில் 'மனுஷருடைய ஆத்துமாக்கள்'. ரோமின் பேரேட்டில் யார் எந்த வரிசையில் இருந்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம். அந்த முத்துகளில் சில சித்தி வீட்டிலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கும் கொற்கைக் கடலில் எடுத்தவையாக இருக்கலாம். தண்டனைக் கைதிகளைக் கொண்டு இங்கே முத்துக் குளித்தார்கள் என்று அதே முதலாம் நூற்றாண்டின் கிரேக்க மாலுமி ஒருவர் தன் பயணக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இந்தப் புத்தகம் எங்கள் ஊருக்கு வர இரண்டாயிரம் வருடம் காத்திருக்கவில்லை.

சித்தியும் நானும்

அடுத்த மாதம் அப்பாவின் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு போனேன். நீரோ கணக்கைச் சித்தி பொறுமையாகக் கேட்டார். ஒப்பவில்லை. "அவன் காலத்துக்கும் சொன்னார், நம் காலத்துக்கும் சொன்னார். கர்த்தருடைய வார்த்தை ஒரு காலத்தோடு முடியுமா, ஐயா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எந்தக் காலத்திலும் நீரோக்கள் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

முத்திரையைப் பற்றிப் பேச்சு திரும்பியது. பதின்மூன்றாம் அதிகாரம் முடிந்ததும் அடுத்த வரியில், பிதாவின் நாமம் நெற்றியில் எழுதப்பட்டவர்கள் நிற்கிறார்களே, அந்த எழுத்தை யாராவது கண்ணால் பார்த்தது உண்டா என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். சிறிது நேரம் கழித்து, நான் எதிர்பாராமல், உபாகமம் ஆறாம் அதிகாரத்தை வாய்ப்பாடமாகச் சொன்னார்: "அவைகளை உன் கையின்மேல் அடையாளமாகக் கட்டிக்கொள்வாயாக; அவைகள் உன் கண்களின் நடுவே ஞாபகக்குறியாய் இருக்கக்கடவது." கையும் நெற்றியும். முழு இருதயத்தோடும் ஒருவரில் அன்புகூருவதற்கு மோசே சொன்ன அதே இரண்டு இடம். "யாருக்குச் சொந்தம் என்பதுதானா?" என்றார். அப்படித்தான் நான் நினைக்கிறேன் என்றேன். மேலே பேசவில்லை.

பிறகு கறுப்புக் குதிரையை வாசித்துக் காட்டினேன். ஒரு நாள் கூலிக்கு ஒருபடி என்றதும் கையை உயர்த்தி நிறுத்தினார். "எந்தப் படி? பட்டணம் படியா, சின்னப் படியா?" அது கிரேக்கப் படி, ஒரு லிட்டர் இருக்கும் என்றேன். சித்தி எழுந்து பரணிலிருந்து சித்தப்பாவின் பழைய பித்தளைப் படியை எடுக்கச் சொன்னார். புடவைத் தலைப்பால் தூசு துடைத்தார். லிட்டர் தண்ணீரை ஊற்றிப் பார்த்து, எதுவரை வருகிறது என்று உள்ளே நகத்தால் கீறி வைத்துக்கொண்டார். உலர்த்திவிட்டு, பொட்டலத்திலிருந்த அரிசியை அந்தக் கீறல்வரை கொட்டினார்.

"ஒரு நாள் வேலைக்கு இவ்வளவா?" என்றார். ஆமாம் என்றேன். "நாலு பிள்ளை இருந்தால்?" நான் ஒன்றும் சொல்லவில்லை. படியைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, மேடு தட்டியிருந்த அரிசியை வலது உள்ளங்கையால் மெதுவாக அழுத்திச் சமப்படுத்தினார். ரேஷன் கடை இந்த மாதம் எந்தத் தேதியில் போடுகிறார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டு வரச் சொன்னார்.